எல்லைக்குள் இருக்கும் எல்லாருக்கும் ஒரு போதகர்: ஸ்காட்லாந்தின் சேகர ஊழியம் ஓர் அறிமுகம்

ஸ்காட்லாந்தின் வரைபடத்தில் எங்கே விரலை வைத்தாலும் அந்த இடம் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் ஏதாவது ஒரு சேகரத்துக்குள், அதாவது ஒரு தேவாலயத்தின் பொறுப்பிலுள்ள பகுதிக்குள், அடங்கும். கிளாஸ்கோ நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பும் சரி, செம்மறியாடுகள் மட்டும் மேயும் மலைச்சரிவும் சரி, ஒரு தேவாலயத்தின் எல்லைக்குள்தான் வரும். அந்த எல்லைக்குள் வாழும் எல்லாருக்கும் ஒரு போதகர் பொறுப்பு. அவர்கள் ஞாயிறுதோறும் ஆராதனைக்கு வருகிறார்களா, காணிக்கை போடுகிறார்களா, கடவுளை நம்புகிறார்களா என்பதெல்லாம் பிறகுதான்.

தென் தமிழகத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளை அறிந்தவர்களுக்குச் சேகரமும் சேகரகுருவும் பழக்கமானவை. ஆனால் அங்கே குருவானவரை முதலில் தேடி வருகிறவர்கள் சபையார். ஸ்காட்லாந்தில் சபைக்கு வெளியே இருப்பவரும் 'எங்கள் போதகர்' என்று உரிமையோடு சொல்ல முடியும். அந்த உரிமை எப்படி வந்தது, அது ஒரு போதகரின் அன்றாடத்தை எப்படி மாற்றுகிறது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

ஸ்காட்லாந்துத் திருச்சபை 1560-இல் ஜான் நாக்ஸ் முதலியோர் முன்னின்று நடத்திய சமயச் சீர்திருத்தத்தில் பிறந்தது. இது பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை. இங்கே பேராயர் கிடையாது. ஒவ்வொரு சபையையும் போதகரும், சபையாரிலிருந்தே பொறுப்பேற்கும் மூப்பர்களும் சேர்ந்த ஓர் அவை நடத்துகிறது. அதற்கு மேலே பல சேகரங்களுக்குப் பொதுவான பிரெஸ்பிட்டரி என்னும் வட்டார அவை. எல்லாவற்றுக்கும் மேலே, ஆண்டுதோறும் மே மாதம் எடின்பரோவில் கூடும் பொதுப் பேரவை. அந்தப் பேரவைக்குத் தலைமை தாங்குகிறவரும் ஓராண்டுதான் பதவியில் இருப்பார். இங்கிலாந்தில் அரசர் திருச்சபையின் உச்ச ஆளுநர். ஸ்காட்லாந்துத் திருச்சபையில் அவருக்கு அப்படி எந்தப் பதவியும் இல்லை. பேரவைக்குத் தம் பிரதிநிதி ஒருவரை அனுப்புவதோடு சரி. அரச குடும்பத்தின் பால்மோரல் மாளிகை கிராத்தி என்னும் ஊரின் எல்லைக்குள் இருக்கிறது. அங்கே தங்கும்போது அரசர் அவ்வூர்த் தேவாலயத்துக்குத்தான் போவார், ஆராதனையில் கலந்துகொள்ளும் மற்றவர்களைப்போல.

எல்லைப் பொறுப்புக்குச் சட்டத்தின் பின்புலமும் உண்டு. 1921-ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்துத் திருச்சபைச் சட்டத்தோடு இணைந்த கோட்பாடுகளில் மூன்றாவது இதைப் பற்றியது. நாட்டின் ஒவ்வொரு சேகரத்து மக்களுக்கும் இடவாரியான ஊழியத்தின் வழியாகச் சமயச் சடங்குகளைக் கொண்டுசேர்ப்பது தன் தனிக் கடமை என்று திருச்சபை அதில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 'உறுப்பினர்களுக்கு' என்று அது சொல்லவில்லை, 'மக்களுக்கு' என்கிறது. ஒரு போதகரின் வாரம் ஏன் அப்படி ஓடுகிறது என்பதற்கு இந்த ஒரு வரி போதும்.

போதகரைத் தேர்ந்தெடுப்பது யார்?

இந்தக் கேள்விக்காக ஸ்காட்லாந்துத் திருச்சபை இரண்டாக உடைந்திருக்கிறது. 1712-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, போதகரை நியமிக்கும் உரிமையை அந்தப் பகுதியின் நிலவுடைமையாளர் போன்ற புரவலர்களிடம் ஒப்படைத்தது. ஊர் மக்களுக்குப் பிடிக்காத ஒருவரையும் புரவலர் அனுப்பிவைக்கலாம். நூறாண்டுகளுக்கு மேல் புகைந்த இந்தப் பூசல் 1843 மே மாதம் வெடித்தது. தாமஸ் சால்மர்ஸ் போன்றவர்கள் எடின்பரோவில் பொதுப் பேரவையிலிருந்து எழுந்து வெளியேறிச் சுதந்திரத் திருச்சபையை அமைத்தார்கள். சுமார் 1,200 போதகர்களில் 450-க்கும் மேற்பட்டோர் அந்தப் பக்கம் போனார்கள். சம்பளத்தையும் குடியிருந்த வீட்டையும் தேவாலயத்தையும் ஒரே நாளில் விட்டுக்கொடுத்துவிட்டு, மனைவி மக்களோடு தெருவுக்கு வந்தவர்கள் அவர்கள். கொள்கைக்காக இத்தனை பேர் ஒன்றாகச் சோற்றை விட்டெறிந்த நிகழ்ச்சி எந்த நாட்டு வரலாற்றிலும் அபூர்வம் என்றே நினைக்கிறேன். அதன் அதிர்ச்சி சென்னை வரை எட்டியது. 1837-இல் சென்னையில் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளிதான் பின்னாளில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. அவரும் 1843 பிளவில் சுதந்திரத் திருச்சபையின் பக்கம் போனார். எழும்பூரில் 1821-இல் திறக்கப்பட்ட புனித அந்திரேயா ஆலயம், சென்னையில் பலரும் 'கிர்க்' என்று அழைப்பது, ஸ்காட்லாந்துத் திருச்சபைக்காகக் கட்டப்பட்டதுதான்.

புரவலர் உரிமை 1874-இல் ஒழிந்தது. பிரிந்தவர்களில் பெரும்பகுதியினர் 1929-இல் மீண்டும் இணைந்தார்கள்.

இன்று ஒரு சேகரத்தில் போதகர் பதவி காலியானால் சபையார் ஒரு தேர்வுக் குழுவை அமைக்கிறார்கள். விண்ணப்பித்தவர்களின் பிரசங்கத்தைக் கேட்டு, நேர்காணல் நடத்தி, அந்தக் குழு ஒரே ஒருவரைத்தான் சபையின் முன் நிறுத்தும். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஆராதனை நடத்துவார். அது முடிந்ததும் இரகசிய வாக்கெடுப்பு. ஜெயித்தால், 'எங்களுக்குப் போதகராக வாருங்கள்' என்னும் அழைப்புப் பத்திரம் எழுதிச் சபையார் கையொப்பமிடுவார்கள். பிறகு பிரெஸ்பிட்டரி கூடி அவரைப் பதவியில் அமர்த்தும். அதன் பின் மூப்பர்கள் நினைத்தால் அவரைத் துரத்திவிட முடியாது. அவர் பதில் சொல்ல வேண்டியது பிரெஸ்பிட்டரிக்கு. ஊதிய விகிதமும் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். பணக்காரச் சேகரத்துக்குப் போனால் கூடுதல் சம்பளம் என்ற பேச்சுக்கு இடமில்லை. இந்த ஏற்பாட்டில் நியாயம் மட்டுமல்ல, துணிச்சலுக்கும் இடம் இருக்கிறது. ஊர்ப் பெரியவருக்குப் பிடிக்காத உண்மையைப் பிரசங்க பீடத்தில் சொன்னால் அடுத்த மாதச் சம்பளம் நின்றுவிடாது.

பெண்கள் 1966 முதல் மூப்பராகவும் 1968 முதல் போதகராகவும் ஆகலாம். இன்று எந்த ஊரிலும் பெண் போதகர் வியப்புக்குரியவர் அல்லர்.

கதவு தட்டப்படும் வீடு

போதகர் குடியிருக்கும் வீட்டுக்கு 'மான்ஸ்' என்று பெயர். அது திருச்சபையின் சொத்து. பழைய மான்ஸ்கள் பெரும்பாலும் பெரிய கல் வீடுகள், சூடேற்றக் கட்டுபடியாகாதவை. பலவற்றை விற்றுவிட்டுச் சிறிய வீடு வாங்கியிருக்கிறார்கள். எந்த வீடானாலும் ஊருக்கே அது தெரியும். அதுதான் விசேஷம்.

அந்த வீட்டின் அழைப்பு மணியை அடிக்கிறவர்கள் பலவகை. திருமணத் தேதி கேட்டு வரும் இளம் இணையர். பஸ்ஸுக்குக் காசில்லை என்று வரும் வழிப்போக்கர். பாஸ்போர்ட் புகைப்படத்தில் சான்றொப்பம் வாங்க வருபவர். பிரிட்டனில் அந்தக் கையொப்பம் இடத் தகுதியானோர் பட்டியலில் போதகரும் உண்டு. இன்னும் சிலர் எதற்கு வந்தோம் என்று சொல்லாமல் தேநீர் குடித்துவிட்டு, போகும்போது வாசலில் நின்று அதைச் சொல்வார்கள். அனுபவப்பட்ட போதகர் வாசலில் அவசரப்பட மாட்டார்.

இதே வாசல் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலும் உண்டு. ஆராதனை பெரும்பாலும் காலை பதினொன்று அளவில். பழைய வழக்கம் மாறாத சபைகளில், தொடங்கும் முன் தேவாலயப் பணியாளர் பெரிய வேதாகமத்தை இரு கைகளிலும் ஏந்தி வந்து பிரசங்க பீடத்தில் வைப்பார்; சபையார் எழுந்து நிற்பார்கள். எழுந்து நிற்பது போதகருக்காக அல்ல, வேதத்துக்காக. கறுப்பு அங்கியும் கழுத்தில் வெள்ளைப் பட்டிகளுமாகப் போதகர் பின்னால் வருவார். பாட்டு, ஜெபம், வேத வாசிப்பு, பிரசங்கம், ஆசீர்வாதம் என்று சுமார் ஒரு மணி நேரம். முடிந்ததும் அவர் முதலில் வெளியே போய்க் கதவருகில் நின்றுகொள்வார். ஒவ்வொருவரும் கைகுலுக்கிவிட்டுப் போவார்கள். "நல்ல பிரசங்கம்" என்பது மரியாதைப் பேச்சு. ஆனால் கை குலுக்கும் அந்த நேரத்துக்குள் யாராவது குரலைத் தாழ்த்தி, "செவ்வாய்க்கிழமை அவருக்கு ஸ்கேன்" என்பார். பின்னால் வரிசை காத்திருக்கிறது. போதகர் தலையை அசைத்து மனத்தில் குறித்துக்கொள்கிறார். புதன்கிழமை அந்த வீட்டுத் தொலைபேசி ஒலித்தாக வேண்டும். ஒலிக்காவிட்டால், எத்தனை நல்ல பிரசங்கமும் அந்த வீட்டில் எடுபடாது.

அந்தப் பிரசங்கம் எப்போது எழுதப்படுகிறது என்றால், எல்லாத் தொந்தரவுகளுக்கும் நடுவில்தான். போதகர்கள் பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்து, மூத்த போதகர் ஒருவரிடம் பயிற்சி பெற்று வந்தவர்கள். வாரத்தில் ஒரு காலைப் பொழுதாவது படிப்புக்கென்று ஒதுக்க விரும்புவார்கள். ஒரு மரணச் செய்தி வந்தால் அந்தக் காலைப் பொழுது போய்விடும்.

மரண வீட்டில்

இடவாரி ஊழியம் என்பது என்ன என்று கேட்டால், சட்டப் புத்தகத்தைவிட மரண வீட்டைத்தான் காட்டுவேன். முதலில் அழைப்பவர் ஈமச்சடங்கு ஏற்பாட்டாளர். இறந்தவர் பெயர், முகவரி, குடும்பத்தாரின் தொலைபேசி எண், தகனக்கூடத்தில் கிடைத்திருக்கும் நேரம். பல சமயம் இறந்தவரைப் போதகர் பார்த்ததே இருக்காது. தேவாலயப் படியேறிப் பல்லாண்டு ஆகியிருக்கும். ஆனாலும் எல்லைக்குள் வாழ்ந்தவர்; அவரை அடக்கம் செய்வது போதகரின் கடமை. இதற்காக அவர் குடும்பத்திடம் கட்டணம் வாங்குவதில்லை.

அவர் அந்த வீட்டுக்குப் போகிறார். முதலில் தேநீர். பிறகு அமைதி. போதகர் ஒரு சின்னக் குறிப்பேட்டை எடுத்து, "அவரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்கிறார். எங்கே பிறந்தார், எந்தத் தொழிற்சாலையில் வேலை, எப்படித் திருமணம் நடந்தது என்று தொடங்கும். சிறிது நேரத்தில் மகன் ஒரு கதை சொல்வான், மகள் அப்படியில்லை என்று திருத்துவாள், யாராவது சிரித்துவிடுவார்கள், சிரித்ததற்காக அழுவார்கள். கிளம்பும்போது, முன்பின் தெரியாத ஒரு மனிதரின் வாழ்க்கை அந்தக் குறிப்பேட்டில் இருக்கிறது. சில நாட்களில் அதை அந்தக் குடும்பத்தின் முன்னாலேயே, ஒரு பெயர்கூடத் தவறாமல் எடுத்துச் சொல்ல வேண்டும். தகனக்கூடத்தில் ஒரு குடும்பத்துக்கு அரை மணி அல்லது முக்கால் மணி நேரம்தான். அடுத்த சவ ஊர்தி வெளியே வந்து நிற்கும்.

புதைப்பதாக இருந்தால் ஸ்காட்லாந்துக்கே உரிய ஒரு வழக்கத்தைப் பார்க்கலாம். சவப்பெட்டியில் பெரும்பாலும் எட்டுக் கயிறுகள் கட்டியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். யார் எந்தக் கயிற்றைப் பிடிக்க வேண்டும் என்று குடும்பத்தார் முன்பே தீர்மானிப்பார்கள். பெட்டியின் படம் வரைந்து எண் குறித்த சிறு அட்டை ஒன்றைப் பிடிப்பவர் கையில் கொடுப்பார்கள். முதல் எண் தலைமாட்டுக் கயிறு. அது மிக நெருங்கியவருக்கு. கல்லறையருகே பெயர்கள் வாசிக்கப்படும். எட்டுப் பேரும் முன்வந்து தங்கள் கைகளாலேயே பெட்டியைக் குழிக்குள் இறக்குவார்கள். கடைசிப் பாரத்தை உறவினர் கையே தாங்க வேண்டும் என்பதுதான் இதன் பொருள். ஒரு காலத்தில் பெண்கள் கல்லறை வரை போகும் வழக்கமே இல்லை. இன்று மகள்களும் பேத்திகளும் கயிறு பிடிக்கிறார்கள். போதகர் ஜெபத்தைச் சொல்வார். காற்றும் மழையும் அடிக்கும் நாளில் அந்த ஜெபம் எல்லார் காதிலும் விழ வேண்டுமே என்பதும் அவர் கவலைதான்.

பிறகு ஊர் விடுதியிலோ தேவாலய மண்டபத்திலோ தேநீரும் சாண்ட்விச்சும் சாசேஜ் ரோலும். போதகர் அங்கேயும் போவார். "நான் தேவாலயத்துக்கு வருகிற ஆள் இல்லை" என்று தொடங்கி யாராவது பேச்சுக் கொடுப்பார்கள். அந்த வாரத்தின் மிக முக்கியமான உரையாடல் அதுவாக இருந்தாலும் இருக்கும்.

இறுதிச் சடங்குகளில் அதிகம் பாடப்படுவது 23-ஆம் சங்கீதம். 1650-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துச் சங்கீதப் புத்தகத்தின் வடிவத்தை, அபர்டீன்ஷயர் கிராமம் ஒன்றின் பெயர் தாங்கிய 'கிரிமண்ட்' என்னும் மெட்டில் பாடுவார்கள். முதியோர் இல்லங்களில் ஆராதனை நடத்தும்போதும் இதைத்தான் பாடச் சொல்வார்கள். பெற்ற பிள்ளையின் பெயரே மறந்துபோன ஒருவர், அந்த மெட்டு தொடங்கியதும் வரி விடாமல் பாடுவது உண்டு. மறதி நோயோடு பழகியவர்களுக்கு இது புதிதல்ல. இருந்தாலும் பக்கத்தில் நின்று கேட்கும் மகளுக்கு அது எவ்வளவு பெரிது!

மூப்பர்களும் பழைய சுமைகளும்

போதகர் தனியாள் அல்லர். ஒவ்வொரு மூப்பருக்கும் சில தெருக்கள் அல்லது சில வீடுகள் ஒதுக்கப்பட்டிருக்கும். இயேசுவின் கடைசி இராவுணவை நினைவுகூரும் திருவிருந்து ஞாயிறு நெருங்கும்போது அழைப்பு அட்டையோடு மூப்பர் அந்த வீடுகளுக்குப் போவது வழக்கம். திருவிருந்து பழைய நாளில் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோதான். அதனால் ஊருக்கே பெருநாள். இன்றும் பல சபைகளில் இருக்கைகளின் முன்விளிம்பில் வெள்ளைத் துணி விரித்து, மூப்பர்கள் அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் வரிசை வரிசையாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். சபையார் பீடத்தருகே போய் முழந்தாளிடுவதில்லை. விருந்து என்றால் உட்கார்ந்துதானே சாப்பிட வேண்டும் என்பது சீர்திருத்தக்காரர்களின் வாதம்.

மூப்பர் அவைக்குக் கடுமையான முகமும் இருந்தது. ஒழுக்கம் தவறியவர்களைச் சபை முன் நிறுத்திக் கண்டிப்பது அதன் வேலைகளில் ஒன்று. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1786-இல் மாக்லின் ஊர்த் தேவாலயத்தில் அப்படி நிறுத்தப்பட்டார். ஏழைப் பெண்களை அந்த வழக்கம் எவ்வளவு நொறுக்கியிருக்கும் என்பதை நினைத்தால் மனம் கசக்கிறது. ஆனால் அதே அவைதான் 1845-ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம் வரும்வரை ஊர் ஏழைகளுக்குப் படியளந்தது. ஊர்ப் பள்ளியையும் கண்காணித்தது. ஒவ்வொரு சேகரத்திலும் ஒரு பள்ளி வேண்டும் என்று 1696-லேயே சட்டம் இருந்தது.

ஊரின் நல்லது கெட்டது எல்லாம் போதகர் தலையில் விழுந்ததால் எதிர்பாராத நன்மைகளும் விளைந்தன. 1790-களில் சர் ஜான் சின்கிளேர் நாட்டின் 900-க்கும் மேற்பட்ட சேகரங்களின் போதகர்களுக்கு ஒரு நீண்ட கேள்விப் பட்டியலை அனுப்பினார்: எத்தனை பேர் வாழ்கிறார்கள், என்ன விளைகிறது, கூலி எவ்வளவு, என்ன நோய் பரவுகிறது. போதகர்கள் எழுதிய பதில்கள் 21 தொகுதிகளாக வெளிவந்தன. ஒரு நாடு தன்னைத் தானே ஊர் ஊராக விவரித்துக்கொண்ட ஆவணம் அது. ருத்வெல் என்னும் சிற்றூரின் போதகர் ஹென்றி டங்கன், ஏழைகள் சில்லறைக் காசைச் சேர்த்து வைக்க இடமில்லையே என்று 1810-இல் ஒரு சேமிப்பு வங்கி தொடங்கினார். உலகெங்கும் பரவிய சேமிப்பு வங்கி இயக்கத்துக்கு அது வித்து. 1930-களில் கிளாஸ்கோவின் கோவன் பகுதியில் கப்பல் கட்டும் தளங்கள் முடங்கி வேலையின்மை தலைவிரித்தாடியது. அங்கே போதகராக இருந்த ஜார்ஜ் மெக்லியோட் 1938-இல் வேலையிழந்த கைவினைஞர்களையும் பயிற்சிப் போதகர்களையும் ஐயோனா தீவுக்கு அழைத்துப்போய், இடிந்துகிடந்த துறவுமடத்தை அவர்கள் கையாலேயே எடுத்துக்கட்டத் தொடங்கினார். மூவரும் தம் எல்லைக்குள் கண்ணெதிரே இருந்த மனிதர்களிடமிருந்துதான் தொடங்கினார்கள் என்று சொல்லத் தோன்றினாலும், சின்கிளேர் போதகர் அல்லர், நில உடைமையாளர். போதகர்கள் இல்லாமல் அவருடைய திட்டம் ஓர் அடிகூட நகர்ந்திருக்காது.

இன்றைய நெருக்கடி

1950-களில் இந்தத் திருச்சபைக்குச் சுமார் 13 லட்சம் உறுப்பினர்கள் இருந்தார்கள். 2023 முடிவில் அது ஏறத்தாழ 2 லட்சத்து 60 ஆயிரம். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பாதிக்கும் மேற்பட்டோர், 51 சதவீதத்தினர், தமக்கு மதமில்லை என்று பதிந்தார்கள். ஸ்காட்லாந்துத் திருச்சபை என்று பதிந்தவர்கள் 20 சதவீதம். போதகராக முன்வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். மதம் சாராத மனிதநேயச் சடங்காளர்கள் நடத்தும் திருமணங்களும் இறுதிச் சடங்குகளும் பெருகியிருக்கின்றன.

விளைவு, ஒரே போதகருக்கு இரண்டு மூன்று ஊர்கள். ஞாயிறு காலை ஓர் ஊரில் ஆராதனையை முடித்து, கைகுலுக்கக்கூட நிற்க முடியாமல் காரில் ஏறி அடுத்த ஊருக்கு ஓடுகிறார். முன்பு ஓர் ஊரின் ஒவ்வொரு வீட்டையும் அறிந்தவர், இன்று மூன்று ஊர்களில் பாதி முகங்களை அறிய முயல்கிறார். கட்டடங்களைக் குறைப்பதற்கான திட்டத்தைப் பிரெஸ்பிட்டரிகள் வகுத்து வருகின்றன. பல தேவாலயங்கள் விற்பனைக்கு வந்துவிட்டன. தாத்தா பாட்டிக்குத் திருமணம் நடந்த தேவாலயம் மூடப்படும் கூட்டத்தில் அழுகிறவர்களில் தவறாமல் வந்தவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு. இரு தரப்பாரின் கோபத்தையும் தாங்கிக்கொள்ள வேண்டியவர் போதகர். என் கணிப்பில் அவருடைய வேலையில் இன்று மிகக் கடினமானது இதுதான்.

இருந்தும் எல்லைப் பொறுப்பைத் திருச்சபை கைவிடவில்லை. மூன்றாவது கோட்பாட்டை வைத்துக்கொள்வதா என்று ஒரு சிறப்பு ஆணையம் ஆராய்ந்த பின், 2010-இல் பொதுப் பேரவை அதை உறுதிசெய்தது. பல அரசுப் பள்ளிகளில் போதகர் இன்றும் குழந்தைகள் கூட்டத்தில் பேசுகிறார். நவம்பரில் போர் நினைவுத் தூணருகே ஊர் கூடும்போது ஜெபம் சொல்கிறார். 1958 வரை கிறிஸ்துமஸ் பொது விடுமுறையாகக்கூட இல்லாத அந்த நாட்டில், டிசம்பர் 24 பின்னிரவு ஆராதனைக்கு இப்போது ஆண்டு முழுவதும் தலைகாட்டாதவர்களும் வந்து நிறைகிறார்கள். 1996 மார்ச் 13 அன்று டன்பிளேன் தொடக்கப்பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்டபோது, பள்ளியில் செய்திக்காகக் காத்திருந்த பெற்றோருடன் ஊர்ப் போதகர்களும் இருந்தார்கள். எந்தப் பெற்றோர் எந்தச் சபை என்ற கேள்வி அங்கே எழவில்லை.

படிப்புக்கோ வேலைக்கோ ஸ்காட்லாந்துக்குப் போகும் தமிழர்களும் குடியேறிய அன்றே ஏதோ ஒரு சேகரத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறார்கள். இந்துவோ இஸ்லாமியரோ கிறித்தவரோ, அயலூரில் துக்கமோ தனிமையோ நேரும்போது அந்தப் போதகரை அழைக்கத் தடையில்லை. மதம் மாறச் சொல்வாரோ என்ற தயக்கம் வேண்டாம். அவர் வருவது அதற்கல்ல. பெரும்பாலான தேவாலயங்களின் வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கும். ஆராதனை நேரத்துக்குக் கீழே போதகரின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதியிருக்கும்.